யாரும் தொடாதீர்கள்

இரவு பத்து மணி தாண்டியிருக்கும். புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட கட்டடங்கள். நாய் கூடக் குரைக்காத இடம். அந்த இருட்டில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது...

ஓட்டியது என் கூட்டாளி ஒல்லியின் அக்கா. கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். இதை ஒல்லிதான் எனக்குச் சொன்னான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், இதைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்டர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் உடம்பில் டர்பன்டைன் வாசனை போகாது. "ஆள் வர்றதுக்கு முன்னாடி வாசனை வந்துடும்" என்று அக்கா கேலி செய்வாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இரண்டு பேரும் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போயிருந்தார்கள். படியேறும்போது மனுஷர் நின்றார். "என்னமோ மாதிரி இருக்கு..." என்றார். அப்படியே சரிந்துவிட்டார்.

கூட்டம் கூடியது. ஒருவர் சோடாவை முகத்தில் அடித்தார். இன்னொருவர் "காத்து வரட்டும், தள்ளுங்க" என்றார். சொன்னவர் மட்டும் நகரவில்லை. "தொடாதீங்கப்பா, ஏதாவது ஆனா நம்ம தலைல விடியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் தலைக்கு மேலேயே, சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கருவி இருந்தது. தடுமாறுகிற இதயத்துக்கு ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற கருவி. பெட்டிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று காவலாளிக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தபோது... முடிந்துவிட்டது.

பிறகு அக்கா ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் எழுந்து போய், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொண்டாள். கற்றதை ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினாள். பஸ் டெப்போ, பள்ளிக்கூடம், சலவைக்கடை, எங்கே கூப்பிட்டாலும் போவாள். "விலா எலும்பு நொறுங்குமோன்னு பயப்படாதீங்க. எலும்பு கூடிடும். ஆள் போனா போனதுதான்" என்பாள். கருவி இருக்கிற இடத்திலெல்லாம் சண்டை போட்டுப் பூட்டைக் கழற்ற வைத்தாள்.

முதலில் சொன்னேனே, அந்த ராத்திரியும் ஒரு ஆலையில் வகுப்பு முடித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தாள். பின் சீட்டில் நிஜக் கருவி ஒன்று. பேட்டரி மாற்றி வாங்கியது. மறுநாள் சந்தை வாசலில் மாட்ட வேண்டும்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையோரம் யாரோ கிடந்தார்கள்.

பிரேக் போட்டாள். இறங்கினாள். இறங்கியதுமே மூக்கில் ஏறியது... டர்பன்டைன்.

மல்லாந்து கிடந்தார். கடைசி நாள் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது கை மணிக்கட்டில் காய்ந்த சிவப்புப் பெயின்ட். ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கும்போது அவளே தண்ணீர் தொட்டுத் துடைத்த அதே இடம்.

ஓடிப்போயிருக்கலாம். யாராக இருந்தாலும் ஓடியிருப்போம். அக்கா மண்டி போட்டாள். தோளைத் தட்டினாள். "என்னங்க... இங்க பாருங்க." அசைவில்லை. மூச்சில்லை. போனை எடுத்தாள். செத்து எட்டு வருஷமான ஆளுக்கு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? போனைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பயமே வரவில்லையாம். மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. இப்போ எனக்குத் தெரியும்.

அழுத்த ஆரம்பித்தாள். நெஞ்சு கையடியில் அமுங்கி அமுங்கி எழுந்தது. 'டக்'கென்று ஒரு எலும்பு விட்டுக்கொடுத்தது. நிறுத்தவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள். உதடு ஜில்லென்று இருந்தது, ஆனால் அவர் உதடுதான். கருவியை இழுத்துவந்து, சட்டையைக் கிழித்து, இரண்டு ஒட்டுத் தகடுகளையும் நெஞ்சில் ஒட்டினாள்.

வெறிச்சோடிய சாலையில் கருவி பேசியது.

"ஆராய்கிறது... யாரும் தொடாதீர்கள்."

அக்காவின் கை அவர் கையைப் பிடித்திருந்தது.

"ஷாக் தேவை. யாரும் தொடாதீர்கள்."

எத்தனை ஊரில், எத்தனை பேரிடம் "கைய எடுங்க, கைய எடுங்க" என்று சத்தம் போட்டிருப்பாள். அவளால் எடுக்க முடியவில்லை. விட்டால் போய்விடுவாரே. கருவி திரும்பத் திரும்ப அதையே சொன்னது. "ஒரே ஒரு நிமிஷம் விடுறேன். எங்கயும் போயிடாதீங்க" என்றாள். கையை எடுத்தாள். பட்டனை அழுத்தினாள்.

உடம்பு தூக்கிப்போட்டது. அப்புறம்... நீளமாக ஒரு மூச்சு. தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வருகிறவன் இழுப்பானே, அப்படி. அவள் உள்ளங்கைக்குக் கீழே இதயம் இடித்தது. தெளிவாக. கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு லாரி. வெளிச்சம் மொத்தமும் இவர்கள் மேல்.

"அந்த லைட்ட அணைக்கச் சொல்லேன்... கண்ணு கூசுது" என்றார். தூங்கி எழுந்தவர் மாதிரி, வீட்டில் சலித்துக்கொள்வாரே, அதே குரலில்.

அக்கா லாரிப் பக்கம் திரும்பினாள். "லைட்ட அணைங்க! லைட்ட அணைங்கண்ணே!" என்று கத்தினாள்.

அவர் பக்கம் திரும்பியபோது... தார் ரோடு. அவ்வளவுதான்.

லாரிக்காரர் ஓடிவந்தார். "என்னம்மா, யாருக்கு என்னாச்சு? நடுராத்திரில தனியா ரோட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?"

அக்கா தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "இங்கதாண்ணே இருந்தாரு. பேசினாரு. நான் திரும்பிட்டேன்... நான் ஏன் திரும்பினேன்?"

லாரிக்காரர் லாரியை ஓரங்கட்டினார். காரை அவரே ஓட்டி, அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனாராம்.

இப்போதும் அக்கா வகுப்புக்குப் போகிறாள். அந்தச் சாலையில் மட்டும், எந்த வண்டி எதிரே வந்தாலும் தன் வண்டியின் ஹெட்லைட்டை அணைத்துவிடுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

அந்த ஒட்டுத் தகடுகளை ஒல்லி என்னிடம் காட்டினான். பசையில் ஆண்பிள்ளை நெஞ்சு முடி ஒட்டியிருந்தது. சுருள் சுருளாக.

எட்டு வருஷத்துக்கு முன்னால் போகும்போது பெயின்டருக்கு முப்பத்தாறு வயசு. உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது.

நான் பார்த்ததில் பாதி நரைத்திருந்தது.