மாளிகையை ஜெயித்தவள்

இஞ்சி பிஸ்கட் மாவைத் தேய்ப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் குளிரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது பிஸ்கட் வீட்டின் சுவர் வளைந்துவிடும். நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும். ஆனால் அந்த விளையாட்டைச் செய்தது யார் என்று கேட்டீர்கள். அதற்கு நான் மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு மரப்பலகைமேல் ஓர் ஊர். தெருக்களை வரைந்தது நான். கட்டைவிரல் அளவு வீடுகளைச் சுட்டது நான். ஜன்னல் கண்ணாடிக்குச் சர்க்கரையை உருக்கி ஊற்றுவேன். கூரை ஓட்டைப் பல்குத்தும் குச்சியால் கீறுவேன். பகடை உருட்டி எதிராளியின் வீடுகளைப் பிடிக்க வேண்டும். பிடித்த வீட்டை அங்கேயே தின்றுவிட வேண்டும், அப்போதுதான் அந்த இடம் உங்களுடையது. நடுவிலிருக்கும் மாளிகை, ஜெயித்தவருக்கு. இந்த விதிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, மாடியில் குடியிருந்தாள். வீடுகளுக்குக் கிரீமில் வண்ணம் தீட்டுவாள், போட்டோ எடுப்பாள். அக்கா அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். எனக்கும் அவள்மேல் பாசம்தான். அவளுக்குப் பாதாம் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் சமையலறையில் பாதாமையே சேர்த்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கைவினைக் கண்காட்சியில் எங்கள் பலகைக்குத்தான் முதல் பரிசு. யாருடைய யோசனை என்று நடுவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"யோசனை எல்லாம் என்னோடதுங்க. அக்கா சும்மா மாவு பிசைஞ்சு குடுப்பாங்க."

சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கோப்பை மாடி அலமாரிக்குப் போனது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சின்னப் பொண்ணு, ஏதோ ஆசையில சொல்லிட்டா. நீதான் கொஞ்சம் விட்டுக்குடேன்."

கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சண்டை போடவில்லை, எனக்குச் சத்தம் பிடிக்காது.

அடுத்த விடுமுறை நாள், ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்த மதியம், அவளை விளையாடக் கூப்பிட்டேன். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன், விதியைப் போட்டவள் ஆயிற்றே. அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். வீடுகள் எல்லாம் சுத்தமான மாவு. மாளிகையில் மட்டும் பாதாம் பொடி. வாசம் தெரியாமலிருக்க இஞ்சியைத் தூக்கலாகப் போட்டிருந்தேன். அவள் தோற்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஜெயித்தே தீர வேண்டும் என்ற வெறி அவளுக்குத்தான் இருந்தது.

"இன்னைக்குத்தான்க்கா உங்கள ஜெயிச்சிருக்கேன்," என்று சிரித்தபடி மாளிகையை வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

உதடு வீங்க ஆரம்பித்தது. இதற்கான ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். பையை நோக்கிக் கை நீட்டினாள். நான்தான் எழுந்துபோய் எடுத்தேன். ஊசியையும் வெளியே எடுத்தேன். கொடுப்பதற்காகத்தான் எடுத்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"இந்த விளையாட்டு யாரோட யோசனை? சொல்லு, தர்றேன்," என்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவள் என்னைக் கைகாட்டினாள். தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். எனக்கு அது போதவில்லை. அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னவளுக்கு, நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் அறையில் வாய்விட்டுச் சொல்ல என்ன கஷ்டம்? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. கடைசிவரை அவள் சொல்லவே இல்லை. அப்படி ஒரு பிடிவாதம் அவளுக்கு.