கட்டைவிரலுக்குத் தெரிந்த தலைவலி

ஆம்பூரில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன்னால் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர்.

“தலைவலி உன் தலையிலயே இல்லக்கா,” என்றாள் இளையவள், மற்றவளின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவியபடி. “மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு தைக்கிறியே, இங்க முடிச்சு விழுந்திருக்கு.” அழுத்தினாள்.

“ஐயோ! கழுத்த அழுத்தினா கண்ணுக்கு மேல வலிக்குதேடி! அதே வலி! ரெண்டு தடவ கண்ணாடி மாத்தினேனே! உனக்கு எப்டி தெரிஞ்சுது?”

“தினம் தோல் செக்கிங் தானே எனக்கு வேல? கண்ணுக்குத் தெரியாத தழும்பு கூட வெரலுக்குத் தெரியும்.”

இளையவளின் கட்டைவிரல் அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.

“இன்னா வெரலுடி உனக்கு! வலி கம்மியாவுது.”

அவர்களுக்கு முன் சீட்டிலிருந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண், தன் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கழுத்தைக் காட்டினாள்.