அவர் எப்பவும் அப்படித்தான்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எங்கள் விமானத் தளத்து கேன்டீன் டீயை வாயில் வைக்க முடியாது. பதினோரு வருடம் அதைத்தான் குடித்தேன், ஒரு குறை சொன்னதில்லை. நான் சட்டென்று கோபப்படுகிறவள் இல்லை.

என் பெயர் டாக்டர் நெரிடா வாஸ். போர் விமானிகள் மேலே பறக்கும்போது அவர்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, இதயம் எப்படித் துடிக்கிறது என்று கீழே உட்கார்ந்து திரையில் பார்ப்பது என் வேலை. விமானியின் காது மடலில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அளவு தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அவர் ஹெல்மெட்டுக்குள் ஒரு மணி கத்தும். இதற்காக எனக்கு அவர்கள் வைத்த பெயர் ஆயா. "ஆயா, மூச்சு விட்டுக்கலாமா?" என்று ரேடியோவில் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

படைத் தலைவர் பிரெயர்லி ஒரு விதி கொண்டுவந்தார். யாருக்கு மணி கத்துகிறதோ அவன் பெயர் சுவரில் தொங்கும் ஒரு பலகையில் ஏறும், வெள்ளிக்கிழமை அவன் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்க வேண்டும். தப்புச் செய்தவன் பீர் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் ஒருவன் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது என்ன தப்பு? கேட்டேன். சும்மா விளையாட்டுக்கு என்றார்.

ஹேமிஷ் லட்விச்சுக்கு இருபத்தாறு வயது. என்னை டாக்டர் என்று கூப்பிட்ட ஒரே விமானி. அவன் பெயர் மூன்று முறை பலகையில் ஏறியது. மூச்சு விடக்கூடத் தெரியாதவன் என்று பிரெயர்லி எல்லோர் எதிரிலும் நக்கலடித்தார். நாலாவது வாரம் ஹேமிஷ் மேலே போனதும் கிளிப்பைக் கழற்றிக் காலருக்குள் செருகிக்கொண்டான். என் திரையில் கோடு காணாமல் போனது. கேட்டேன். ஒயர் லூஸ், ஒன்றுமில்லை என்றான். ஆக்சிஜன் குறைந்தபோது கத்த மணி இல்லை; ஒன்பதாவது நிமிடம் விமானம் கடலில் விழுந்தது.

விமானியின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். விதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. இறுதிச் சடங்கில் பிரெயர்லி பேசினார், அழவும் செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே பலகை அதே ஆணியில் தொங்கியது. ஹேமிஷின் பெயரை மட்டும் ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து பிரெயர்லிக்கே இரண்டு முறை மணி கத்தியது. தன் பெயர் பலகையில் ஏறுவதை அவரால் தாங்க முடியவில்லை. நேராக என் அறைக்கு வந்தார்.

"ஆயா, என் ஹெல்மெட்ல அந்தச் சனியன் வாயை அடைச்சிடு."

எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"ரொம்பத்தான் பண்றே. கீழே நீதானே கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கப்போறே? ஏதாவதுன்னா நீயே சொல்லு" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம்தான் உங்கள் மேஜையில் இருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது, அவருடைய அட்டை. விமானிகளை அவ்வப்போது காற்றுக் குறைந்த அறையில் உட்கார வைப்போம். ஆக்சிஜன் குறையும்போது ஒருவனுக்கு விரல் மரத்துப்போகும், ஒருவன் சிரிப்பான்; அவரவர் அறிகுறியை அட்டையில் எழுதிவைப்போம். பிரெயர்லியின் அட்டையில் என் கையெழுத்தில் இருப்பது இது: கோபம், காரணமில்லாமல் திட்டுகிறார். படித்துக் காட்டியபோது, நான் எப்போதும் அப்படித்தானே என்று சிரித்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அக்டோபர் புழுக்கம். அவர் கடலுக்கு மேலே தனியாக இருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் தடுமாறியது. அதில் நான் கை வைக்கவில்லை, ஒவ்வொரு திருகாணியையும் சோதித்துப் பாருங்கள். தொண்ணூற்று நான்கு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்று. எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைக் கவனித்த வெண்டலை அவர் கண்டபடி திட்ட ஆரம்பித்தார். வெண்டல் மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், இவருக்கு என்ன ஆச்சு? உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கா?"

இருக்கைக்குப் பக்கத்தில் பச்சை வளையம் ஒன்று உண்டு. இழுத்தால் தனி பாட்டிலிலிருந்து ஆக்சிஜன் வரும். பச்சையை இழுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவர் எப்பவும் அப்படித்தானே" என்றேன்.

நான்கு நிமிடம். திட்டு குழறியது, பிறகு நின்றது. அவர் விமானமும் கடலில் விழுந்தது.

இப்போது பலகையைக் கழற்றிவிட்டார்கள். யாருடைய மணியையும் யாரும் அடைக்க முடியாது. எனக்கு வேண்டியது அதுதான், வேறெதுவும் இல்லை. நீங்களும் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஹேமிஷ் போன துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்திருக்கும், ஆத்திரத்தில் கண் மறைத்திருக்கும் என்று. என் வக்கீலும் அப்படியே எழுதச் சொல்கிறார்.

ஆனால் வேலை தொடங்குமுன் ஒரு கிளிப்பை என் விரலில் மாட்டிச் சோதிப்பது என் பழக்கம். அன்று கழற்ற மறந்துவிட்டேன். திரைப் பதிவில் அவருடைய கோட்டுக்குக் கீழே என் கோடும் பதிவாகியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அவருக்கு அறுபதுக்கு இறங்கியபோது எனக்குத் தொண்ணூற்றெட்டு. இதயத் துடிப்பு எழுபத்திரண்டு. நான்கு நிமிடமும் ஒரு புள்ளிகூட ஆடவில்லை.