நாற்பத்தொரு சாவி

— …ஓட்டெடுப்பு மணி ரெண்டு நிமிசம் அடிக்கும் கலை. எம்பிங்க எல்லாம் நான் ஆத்திக் குடுத்த தே தாரிக் டீய வாயில ஊத்திக்கிட்டு ஓடுவான் பாரு, கேன்டீன் தரையே ஆடும்! மறுநாள் கோலாலம்பூர்ல பூகம்பம்னு பேசிக்கிட்டாங்க!

— பரஞ்சோதி அண்ணே, கதைய நிறுத்துங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. நம்ம தோட்டத் தொழிலாளி வீட்டுச் சட்டம் முடிஞ்சுதா, முடியலையா?

— முடியாம என்னா? போன மாசம் கீழ்சபையில, டேவான் ராக்யாட்டுல, 'யா, யா, சம்மதம்'னு கத்துனாங்க பாரு, அந்தச் சத்தம் பாலிங்ல எங்க மச்சான் வீட்டுக் கூரையையே பேத்துருச்சுலா!

— அதத்தான கோயில் வாசல்ல மைக்க புடிச்சுச் சொன்னீங்க? 'சட்டம் ஆயிருச்சு, புது வீடு நம்மளுது'ன்னு. சனங்க பட்டாசு வெடிச்சாங்க. இன்னிக்குக் கூலிம்ல அந்த வக்கீல் பொண்ணு ஷாமளா என்னையே பாக்குது. 'யாரு ஆன்ட்டி இப்படிச் சொன்னது'ங்குது.

— சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? நான் இருபத்தாறு வருசம் பார்லிமெண்ட் கேன்டீன்ல தே, காப்பி கலக்குனவன். எந்த மந்திரிக்கு எத்தன கரண்டி சீனின்னு கேளு, சொல்றேன்.

— சீனி தெரியும். மேல்சபை தெரியுமா?

— டேவான் நெகாராவா? எழுபது பேரு, எல்லாம் நியமனமும் மாநிலத்துல இருந்து வந்ததும். கொறட்டை விட்டா சீலிங் ஃபேன் தானாச் சுத்தும். ஒருத்தரு கொட்டாவி விட்டு வாய மூடுறதுக்குள்ள மூணு மசோதா பாஸாயிருச்சு, சத்தியமா!

— தூங்குறாங்களோ முழிக்கிறாங்களோ, அங்கயும் மூணு தடவ வாசிக்கணுமாம். நெனச்சா ஒரு வருசம் வரைக்கும் இழுக்கலாமாம். அப்புறம் ராஜா அகோங் சம்மதம், அப்புறம் கெஜட்டு. அதுவரைக்கும் அது வெறும் காயிதமாம் அண்ணே.

— அட, அதெல்லாம் ஒரு முறைக்குலா.

— முறைக்கா? ஏழாவது பிரிவ ஷாமளா ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுச்சு. சட்டம் அமலுக்கு வர்ற அன்னிக்குத் தோட்ட வீட்டுல யாரு குடியிருக்காங்களோ, அவங்களுக்குத்தான் புது வீடாம்.

— சரி, குடியிரு. யாரு வேணாங்குறா?

— எங்கண்ணே குடியிருக்கிறது? தோட்ட ஆபீஸ் கிளார்க்கு, அந்தக் கிராணி, 'பழைய வீட்டுச் சாவியக் குடுத்துருங்க, சாமான் ஏத்த லோரி ஓசி'ன்னாரு. புது வீடுதான் சட்டமே ஆயிருச்சே, இந்த ஒழுகுற கூரையக் கட்டிக்கிட்டு அழுவானேன்னு எல்லாரும் கெளம்பிட்டாங்க. ராக்காயி அக்கா ஜித்ராவுல மக வீட்டுல. நடராஜா குடும்பம் கூலிம்ல ஒத்த ரூமுல, அஞ்சு பேரு.

— எத்தன சாவி குடுத்தீங்க?

— நாப்பத்தொண்ணு. நாந்தான் வீடு வீடாப் போயி வாங்குனேன். பழைய சேலை ஓரத்தக் கிழிச்சு, பூ மாதிரி கோத்துக் கொண்டுபோயி குடுத்தேன். கிராணி எண்ணக்கூட இல்ல. சிரிச்சுக்கிட்டே மேசைக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு.

— பயப்படாத. ஒரு செனட்டரு இருக்காரு, என் கையால தே குடிக்காம சபைக்குள்ள கால் வைக்க மாட்டாரு. ஒரு போன் போட்டா…

— நம்பர் இருக்கா?

— நம்பர்… மூஞ்சி நல்லாத் தெரியும்.

— அண்ணே!

— என்னைய என்னா பண்ணச் சொல்ற? அன்னிக்கு அத்தன சனமும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நின்னுச்சு. மேளக்காரன் வேற என் வாயவே பாக்குறான். அந்த நேரத்துல 'இன்னும் மேல்சபை பாக்கி'ன்னா மேளம் நின்னுருக்கும். கொஞ்சம் உப்பு கூடப் போட்டுட்டேன், அவ்வளவுதான்.

— அப்ப பாக்கி இருக்குன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்?

— கலை, உக்காரு. ஒரு தே போடுறேன்.

— வேணாம். நம்ம தோட்ட லயத்து வரிசையில வீடு நாப்பத்திரண்டு. சாவி கேட்டு வந்தப்ப, 'நாளைக்குத் தரேன்'னு சொன்ன ஒரே ஆளு நீங்க. இடுப்புல தொங்குதே அண்ணே, அந்தச் சாவி மட்டும் மேல்சபைக்குக் காத்துக்கிட்டு இருக்கா?