பிடித்து வைத்த பக்கம்

1969 ஜூன் 12, வியாழன். ஐந்தரைக்கு எழுந்தேன். மருமகள் கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றுடன் விழுப்புரத்தில் ஏழு நாற்பது பாசஞ்சரில் ஏறித் திண்டிவனம் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். எதிரே ஓர் இளம் தம்பதி. அவன் பம்பாயில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். லீவு முடிந்து திரும்புகிறான். அவள் திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்கு இறங்க வேண்டியவள்.

“மிஷினுக்குள்ள எல்லாம் நோட்டு மாதிரி பக்கம் பக்கமா இருக்கும். இடம் கம்மி. அதனால சும்மா கெடக்கிற பக்கத்தை வெளிய அனுப்பிடுவோம். ஆனா வேலை நடந்துக்கினு இருக்கிற பக்கத்தை நகர்த்தக்கூடாது, புடிச்சி வெக்கணும். எதை யாரு புடிச்சி வெச்சிருக்காங்கன்னு பாக்கறதுதான் என் வேலை.”

“வேலை முடிஞ்சும் விட மறந்துட்டா?”

“அப்படியே கெடக்கும். ஒரே பேஜாரு.”

“ஏங்க, என்னை யாரு புடிச்சி வெச்சிருக்காங்க?”

அவன் சிரித்தான். “அம்மாதான். தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னாங்க.”

“அது முடிஞ்சி ஒம்போது மாசம் ஆவுது.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். “அம்மாகிட்ட எப்படிக் கேக்கறது?”

“மிஷினுகிட்ட மட்டும் கேக்கறீங்களே.”

திண்டிவனத்தில் நானும் இறங்கினேன். வண்டி நகரும் வரை அவள் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை குளிப்பதற்கும் முன்பாக, நாக்பூரில் இருக்கும் மகனுக்குக் கார்டு எழுதினேன். ‘அம்மாவுக்குக் கால் குணமாகி நான்கு மாதம் ஆகிறது. வந்து உன் மனைவியை அழைத்துப் போ.’