சித்திரை வெயிலில் செத்த வீரன்

"உன் ஆளு வெயில்ல செத்துட்டான் மாப்ள" என்று முன்னிருக்கைக் கல்லூரி மாணவர் தம் நண்பரிடம் சொன்னதும், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். எண்பதுகளில் ஒரு சித்திரை நண்பகல். கீழக்குயில்குடிக்குப் போகும் பேருந்து. தம் வீரன் செய்வதையெல்லாம் கதையாகச் சொல்லிப் பகடை உருட்டி ஆடும் ஏதோ வெளிநாட்டு விளையாட்டைப் பற்றிய வழக்கு அது என்பது மெல்ல விளங்கியது.

"ஆறு மாசமா வளத்த வீரன்டா! பூதத்துக்கிட்டயே தப்பிச்சவன். ஆட்ட விதிப் புத்தகத்துல பனிப்புயலுக்குத்தானே சாவு போட்டிருக்கு?" என்றார் நண்பர்.

"மதுரையில எங்கடா பனிப்புயல்? அதான் வெயில் விதிய நாமளே எழுதுனோம். உச்சி வெயில்ல வெறுங்காலோட நூறு அடி நடந்தா உசுரு போயிரும்."

"அவனுக்குத்தான் செருப்பு இருக்கே!"

"மலையடிக் கோயில்ல கழட்டுனான்ல?"

"சாமி கும்பிடக் கழட்டாம?"

"கும்பிட்டுட்டுத் திரும்ப மாட்டுனதா நீ சொல்லவே இல்லையே."

வீரனை இழந்தவரின் முகம் வாடியதைக் காண எனக்கே பாவமாக இருந்தது.

"நூறு அடிக்கெல்லாம் எவனும் சாக மாட்டான். இப்பவே நடந்து காட்டுறேன்."

பேருந்து நின்றதும் அவர் செருப்பைக் கழற்றி மற்றவரிடம் கொடுத்துவிட்டுத் தார்ச்சாலையில் இறங்கினார். எட்டாவது அடியில் துள்ளிக் குதித்து வேப்பமர நிழலுக்கு ஓடினார்.

"இன்னும் தொண்ணூத்திரண்டு அடி இருக்கு மாப்ள!"

"அவன் செத்தது செத்ததாவே இருக்கட்டும். செருப்பக் குடுடா!"