பத்ரியை விட்டுவந்த இடம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் பத்ரிநாராயணன். பொறுமைசாலி. நான் எத்தனை தடவை கியரைக் கரகரவென்று இழுத்தாலும் சிரிப்பானே தவிர ஒரு சொல் சொல்லமாட்டான்.

அவன் மயிலாப்பூர், நான் தியாகராய நகர். என் அப்பா அய்யாதுரை திருநெல்வேலியிலிருந்து வந்து உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை வைத்தவர். பத்ரியும் நானும் கிண்டியில் பொறியியல் முடித்துவிட்டு ஒரே விமானத்தில் அமெரிக்கா போனோம். இரண்டாம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் என்னை வெளியே அனுப்பிவிட்டது. ஓர் உணவு விடுதியில் தட்டுக் கழுவினேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்கப்போகும் மாப்பிள்ளை என்று சொல்லி அப்பா எனக்குப் பெண்ணும் நிச்சயம் செய்துவிட்டார். உண்மை தெரிந்தவன் பத்ரி ஒருவன்தான்.

1973 ஆகஸ்டில் அவன் படிப்பு முடிந்தது. ஊர் திரும்புமுன் பாலைவனத்தைப் பார்க்கவேண்டும் என்றான். அவனுடைய பழைய காரில் அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலை வழியாக மேற்கே போனோம். அருகிலேயே புதுச்சாலை திறந்துவிட்டதால் அதில் வண்டிகளே அபூர்வம். பூட்டிய பெட்ரோல் பங்குகள், தந்திக் கம்பங்கள், வெயில். கலிபோர்னியாவுக்குள் நுழைந்த மறுநாள் காலை அவன் பேச்செடுத்தான்.

"ஊருக்குப் போனதும் உங்கப்பாவை நானே பாத்துப் பேசறேண்டா. பக்குவமா சொன்னா புரிஞ்சுப்பார். எத்தனை நாள் இப்படி பயந்துண்டே இருப்பே?"

கருணையோடுதான் சொன்னான். வேண்டாம் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் அந்தப் பெண்ணுக்கு நியாயம் என்றான்.

அணைந்துபோன எரிமலை ஒன்றைப் பார்க்க ஒரு மண்பாதையில் திரும்பினான். நான்காவது மைலில் பின்சக்கரம் மணலில் புதைந்தது. தள்ளும்போது அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நிற்க முடியவில்லை. நான் நடந்துபோய் ஆள் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. இருந்தது ஒரு கேன் தண்ணீர். "நடக்கறவன் நீ, நீயே எடுத்துண்டு போ" என்றான். பாதியை அவனுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்போது என் மனத்தில் வேறு எதுவும் இல்லை.

சாலைக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு லாரி நின்றது. தனியாகவா வந்தாய் என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொன்னதாக நினைவில்லை. அடுத்த ஊரில் அவர் என்னை இறக்கிவிட்ட இடத்துக்கு எதிரிலேயே காவல் நிலையம். அதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அப்போது யோசித்தேன். பிறகு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

நான்காம் நாள் புகார் கொடுத்தேன். அரிசோனாவில் என்னைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு அவன் வடக்கே போனதாகச் சொன்னேன். வடக்கேயே தேடினார்கள். காரைக் கண்டுபிடிக்கப் பதினாறு நாளாயிற்று. ரேடியோக் கம்பியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டிருந்தானாம். அது உங்கள் ஊர்ச் சடங்கா என்று போலீஸ் அதிகாரி ஒருவர் கேட்டார். இருக்கலாம் என்றேன். திரும்பி வரும்போது நான் வழி தவறிவிடக்கூடாது என்று கட்டியிருக்கிறான்.

வெயில், தாகம் என்று அவனுடைய இறப்புச் சான்றிதழில் எழுதினார்கள். அதில் என் பெயர் இல்லை.

அப்பா பட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நண்பன் செத்த துக்கத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று அவராகவே எல்லோரிடமும் சொன்னார். குறித்த நாளில் சண்முகவடிவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறேன்.

நான்கு வருடமாகச் சனிக்கிழமைதோறும் மயிலாப்பூர் போகிறேன். பத்ரியின் அப்பா கோதண்டபாணி மாமா தனியாக இருக்கிறார். மாமி போய் இரண்டு வருடம் ஆகிறது. என்னைக் கண்டதும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அதை மட்டும் என்னால் குடிக்க முடிவதில்லை. காப்பி கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் அவர் கேட்டார்: "ரத்தினம், நீ கூட இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான், இல்லையா?"

"ஆமாம் மாமா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் குத்தம் சொல்லலைடா. நீயாவது தப்பிச்சியே."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எழுபது வயது மனிதர். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர். பிள்ளை மாதிரி வந்துபோக இன்று அவருக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.